கட்டி என்று சொல்லியிருந்தேன்

இடது பக்கம் வலது பக்கத்தைவிடப் பெரிதாகத்தான் இருக்கிறது. இல்லை, காலையில் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் அழுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு போடச் சொல்லிக் கொடுத்த, கொக்கி வைத்த இறுக்குப் பனியனுக்கு மேலே இரண்டு உள்ளங்கைகளையும் ஒரே நேரத்தில் வைத்து எடுக்கிறேன், தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. இடது பக்கம் ஏதோ துருத்திக்கொண்டு இருக்கிறது. மூச்சை இழுத்தால் அங்கே மட்டும் பிடிக்கிறது. "திடீர்னு ஒரு பக்கம் மட்டும் வீங்கி கல்லு மாதிரி இறுகுச்சுன்னா உள்ள ரத்தம் கட்டுதுன்னு அர்த்தம், யோசிக்காம வந்துருங்க" என்றார் டாக்டர். யோசிக்காமல். காலை ஏழரையிலிருந்து நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், இப்போது மணி பதினொன்று. திடீர் என்றால் எவ்வளவு நேரம்? மூன்றரை மணி நேரத்தில் வந்தால் அது திடீரா? கல் என்றால் எந்தக் கல்? நான் நிலம் அளக்கிறவன், என்னிடம் கல் என்றால் எல்லைக்கல், இது அவ்வளவு இறுக்கம் இல்லை, ஆனால் இறுக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி மதுரையில் இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து மூன்று மணி நேரம். இங்கேயே இரண்டு பேர் இந்த ஆபரேஷனைச் செய்கிறார்கள், எனக்குத் தெரியும், ஆனால் இங்கே செய்தால் வரவேற்பறையில் யாராவது என்னைப் பார்த்துவிடுவார்கள், நிலம் அளக்க என்னைக் கூட்டிப்போன யாராவது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வாத்தியார் யாராவது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிப் போனேன். இப்போது ரத்தம் கட்டினால் அந்த நூற்றைம்பது கிலோமீட்டரும் எனக்கும் டாக்டருக்கும் நடுவில்.

நாற்காலியில் தலையணை மூன்றை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், ஐந்து நாளாக இப்படித்தான் தூக்கமும். கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, இரண்டு கிலோவுக்கு மேல் எடுக்கக் கூடாது. மித்ரா பதினான்கு கிலோ. நாலு வயதுப் பிள்ளையிடம் கிலோக் கணக்குச் சொல்ல முடியுமா, காலையில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்து நின்றாள், நான் குனியவில்லை, நீட்டிய கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியவள் பிரகதிக்குத் தினமும் நான்தான் இரட்டைச் சடை போட்டுவிடுவேன், அவள் அம்மா பொன்செல்வி மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போய் இரண்டரை வருடம் ஆகிறது, அந்த இரண்டரை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட வித்தைகளில் அது ஒன்று, இப்போது அதற்கும் கை எழும்பவில்லை. எதிர் வீட்டு ரெஜினா வந்து போட்டுவிட்டுப் போகிறாள். இன்றைக்குச் சடை போட்டபடியே கேட்டாள், "எண்ணே, கட்டிய டெஸ்டுக்கு அனுப்புனாங்கள்லா, ரிசல்ட் வந்துட்டா?" நான் சீப்பையே பார்த்தேன். "இன்னைக்கு வரும்." "மாதாகிட்ட நேந்திருக்கேன். ஒண்ணும் இருக்காது." பிரகதி தலையை அசைக்கவே இல்லை. பொதுவாக அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பாள், ஆடாத ஆடாத என்று நான் கத்த வேண்டியிருக்கும். இன்றைக்குச் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அதைக் கவனித்தேன், கவனித்துவிட்டு அடுத்த நிமிடமே இடது பக்கத்தைப் பற்றி நினைக்கப் போய்விட்டேன்.

கட்டி என்று நான்தான் சொன்னேன். வேறு என்ன சொல்வது. முப்பத்தொன்பது வயதுக்காரன், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன், பதினாலு வயதிலிருந்து எனக்கு மார்பு பெண்களுக்கு வளர்கிற மாதிரி வளர்ந்துவிட்டது, அதை எடுக்கப் போகிறேன் என்று எதிர் வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் போன வருடம்தான் தெரியும். கைனகோமாஸ்டியா. டாக்டர் சாதாரணமாகச் சொன்னார், சளி காய்ச்சல் என்கிற மாதிரி, நூறு பேரில் எத்தனையோ பேருக்கு இருக்கிறதாம், எல்லாரும் சட்டைக்குள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு திரிகிறார்களாம். இருபத்தைந்து வருடம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒரு இறுக்கமான பனியன், அதற்கு மேலே இன்னொரு பனியன், அதற்கு மேலே கட்டம் போட்ட சட்டை, கட்டம் போட்டால்தான் உள்ளே இருப்பது தெரியாது, இந்தத் திருநெல்வேலி வெயிலில் சித்திரை மாதம் வயலில் நின்று அளக்கும்போதும் மூன்று அடுக்கு. தோளை முன்னால் குறுக்கி நடந்து நடந்து முதுகே அப்படி ஆகிவிட்டது. நெஞ்சில் ஒரு சின்னக் கட்டி, எடுக்கணும், பயப்பட ஒண்ணுமில்ல என்று ரெஜினாவிடம் சொன்னேன். அவள் வீட்டுக்காரர் சேவியர் அண்ணன்தான் காரில் கூட்டிக்கொண்டு போனார், கூட இருப்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். ஆபரேஷன் பெயரை அந்தத் தாளில் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "பேரக் கேட்டாலே பயமா இருக்கே தம்பி" என்றார். அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "ஆமாண்ணே" என்றேன்.

ஏன் இப்போது என்று பொன்செல்வி கேட்டாள். நான் போனில் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவளுக்குத் தெரியாததா, பன்னிரண்டு வருடம் ஆகிறது கல்யாணமாகி, ஒரு நாள் ஒரு சொல் சொன்னதில்லை. "எனக்கு நீங்க இப்படியே போதும். உங்களுக்கு வேணும்னா பண்ணுங்க, ஆனா எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். பிறகு நர்ஸாகிவிட்டாள். ரத்தப் பரிசோதனை, எந்தெந்த மாத்திரையை நிறுத்தணும், எத்தனை நாள் லீவு, யார் சமைப்பார்கள், யார் மித்ராவைக் குளிப்பாட்டுவார்கள், எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். பத்து நாளைக்கு யூனிபார்ம் தேய்த்து அடுக்கினேன். மானூர்ப் பக்கம் ஒரு பாகப்பிரிவினை அளவு, அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரு முழத்துக்காக முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், அதை முடித்துக் கொடுத்தேன். பிரகதியின் பெற்றோர் கூட்டத்துக்கு முன்கூட்டியே போய்க் கையெழுத்துப் போட்டேன். மாவு ஆட்டி வைத்தேன். இவ்வளவு பரபரப்பில் பயப்பட நேரமில்லை, அதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன். அந்தப் பயமெல்லாம் எங்கேயும் போய்விடவில்லை, அங்கே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது, அந்தக் குளிர்ந்த அறையில், சட்டையில்லாமல் விளக்குக்குக் கீழே என்னை நிற்க வைத்து டாக்டர் பேனாவால் நெஞ்சில் கோடு போட்டாரே, அங்கே. ஊரார் நிலத்திலெல்லாம் நான் கோடு போடுகிறேன், என் மேல் ஒருவர் போடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். படுக்க வைத்தார்கள். மூக்கில் மூடியை வைத்தார்கள். இதில் நான் செத்துப்போனால் என்ன சொல்வார்கள். எதனால் செத்தான் என்று கேட்பார்கள். உயிருக்கு ஆபத்தான நோயா? இல்லை. விபத்தா? இல்லை. அழகுக்காக. இரண்டு பெண் பிள்ளைகளை எதிர் வீட்டில் விட்டுவிட்டு ஒருத்தன் அழகுக்காகப் போய்ப் படுத்துச் செத்தான். எழுந்து போய்விடலாம், இன்னும் மயக்க மருந்து ஏறவில்லை, சொன்னால் விட்டுவிடுவார்கள், சொல்லு, சொல்லு என்று நினைத்தேன், அப்புறம் மித்ராவின் பள்ளி அடையாள அட்டை என் இன்னொரு பேண்ட் பையில் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது, அதைச் சேவியர் அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

போன ஆடியில் குற்றாலம் போயிருந்தோம், அங்கேதான் இது ஆரம்பித்தது, இல்லை, ஆரம்பித்தது ஒன்பதாம் வகுப்பு விளையாட்டுப் பீரியடில், கபடிக்கு இரண்டு அணி பிரித்து ஒரு அணி சட்டையைக் கழற்ற வேண்டும் என்று வாத்தியார் சொன்ன அன்றைக்கு. நான் கழற்றவில்லை. நாலு பேர் கழற்றிவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் கழற்றினார்கள், அடிக்கவில்லை, வாத்தியாரும் சிரித்தார். அதற்கு மேலே அந்த நாளை நான் நினைத்ததில்லை, அது வந்தால் உடனே நில அளவைகளை வாய்க்குள் அடுக்க ஆரம்பிப்பேன், சங்கிலி, லிங்க்ஸ், சென்ட், ஏர்ஸ். குற்றாலத்தில் சட்டையோடு அருவியில் நின்றேன். பிரகதி தண்ணீருக்குள்ளிருந்து கத்தினாள், "எப்பா, எல்லா அப்பாவும் சட்டையக் கழட்டிட்டுத்தான் குளிக்காங்க!" அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. எனக்குக் குளிரும் என்றேன். அவள் நம்பினாள், பத்து வயது, அப்பா சொன்னால் நம்புகிற வயது, இன்னும் எத்தனை நாளைக்கு நம்புவாள் என்று ஈரச் சட்டையோடு காரில் உட்கார்ந்து நினைத்தேன். அதற்காகவா நெஞ்சைக் கிழித்துக்கொண்டேன்? மித்ரா என் மேலே படுத்துத்தான் தூங்குவாள், ஒன்றரை வயதில் அம்மா விமானம் ஏறின நாளிலிருந்து, அப்பா மெத்தை என்பாள். டாக்டர் ஒரு பாத்திரத்தில் எடுத்துப் போட்டுச் சோதனைக்கு அனுப்பினாரே, அது அவள் தூங்கின இடம். இனிமேல் எலும்பில் படுப்பாளா? என்னைத் தேடுவாளா, என்னையே வேறு ஆள் என்று நினைப்பாளா? சீ, என்ன நினைப்பு இது. எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்புவது வழக்கம்தான், யாருக்கும் அனுப்புவோம் என்றார்கள். வழக்கம்தான். ஆனால் கட்டி என்று நான் சொல்லிவிட்டேனே. வாயால் சொல்லிவிட்டேன், எதிர் வீட்டில் சொன்னேன், வாடிக்கையாளர்களிடம் சொன்னேன், பிள்ளைகளிடம் சொன்னேன், ஒரு பொய்யை இத்தனை தடவை சொன்னால் அது எங்கேயாவது போய் உண்மையாகிவிடாதா, அந்தச் சோதனைக்கூடத்தில் யாரோ ஒருவர் கண்ணாடிச் சில்லை நகர்த்திப் பார்த்து, சார் சொன்னது சரிதான், கட்டிதான் என்று எழுதிவிட்டால்? நாக்கில் சனி என்று சும்மாவா சொன்னார்கள். இடது பக்கம். இப்போது நிச்சயமாகத் துருத்திக்கொண்டு இருக்கிறது.

ஆஸ்பத்திரி நம்பர் டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறது. தாளில் மித்ரா கிறுக்கிவிடுவாள் என்று பிரகதி எங்கேயோ எடுத்து வைத்தாள். எழுந்திருக்க வேண்டும். கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும் என்றால் இடுப்பாலே முன்னால் நகர்ந்து நகர்ந்து நாற்காலி நுனிக்கு வந்து காலில் பாரத்தைக் கொடுத்து, அப்பாடா. தலை சுற்றுகிறது. ரத்தம் உள்ளே போகிறதால் சுற்றுகிறதா, காலையில் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டதால் சுற்றுகிறதா. பிரகதியின் மேஜை. அவள் என்னை மாதிரி இல்லை, எல்லாம் வரிசை. தாள் அங்கேதான் இருந்தது, ஒரு நீளமான ரஃப் நோட்டுக்குள்ளே மடிக்காமல் வைத்திருந்தாள். தாளை உருவினேன், நோட்டு திறந்தது. அறிவியல் படம், பூவின் பாகங்கள், அடுத்த பக்கத்தில் மேலே அடிக்கோடிட்டு, 'நான் பார்க்க வேண்டியது'. வீட்டுப்பாடம் என்றுதான் நினைத்தேன். பால் காலை ஆறு மணி, பால் கார்டு டிவிக்குப் பின்னால். மித்ராவுக்கு இட்லி வைக்கக் கூடாது, துப்புவாள், தோசை மட்டும். கேஸ் நம்பர் அப்பா போனில் இருக்கிறது. அப்பா போன் பூட்டு எண் கேட்டு வைக்க வேண்டும், எப்படிக் கேட்பது. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு, அம்மாவிடம் பேசும்போது முதலில் நான் அழக் கூடாது. சடை, வலது பக்கம் வருகிறது, இடது பக்கம் வரவில்லை. ரெஜினா ஆன்ட்டி அவங்க வீட்டில் இருங்க என்றால் சரி என்று சொல்லக் கூடாது, நம்ம வீட்டில்தான். மித்ரா கேட்டால் அப்பா மதுரைக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். கடைசியில் பென்சிலால், அழித்து அழித்து எழுதின மாதிரி, அப்பா சட்டை ஒன்று எனக்கு, கட்டம் போட்டது.

முதலில் புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். யாருக்கு என்ன ஆனது, யார் மதுரைக்குப் போனது. பிறகு ஒன்றொன்றாகப் புரிந்தது, தண்ணீர் தொட்டி நிரம்புகிற மாதிரி மெதுவாக. கட்டி. டெஸ்ட். மாதாகிட்ட நேந்திருக்கேன். ஒண்ணும் இருக்காது. இதெல்லாம் என் காதில் மட்டும் விழவில்லை. ஐந்து நாளாக நான் என் நெஞ்சின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் பிள்ளை அதே வீட்டில் எனக்குப் பின்னால் என்ன செய்வது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாகவா? தேதி இல்லை. ஆபரேஷனுக்கு முன்னாலேயே எழுதினாளா? நான் சேவியர் அண்ணன் காரில் ஏறினபோது அவள் வாசலில் நின்று கையசைத்தாள், நான் திரும்பிப் பார்த்தேனா? யூனிபார்ம் அலமாரி சாவி எங்கே என்று சொன்னேன். அதைத்தான் சொன்னேன்.

பொன்செல்விக்கு அடித்தேன், எடுக்கவில்லை, வேலையில் இருப்பாள். ஒன்றே முக்காலுக்கு அவளே வீடியோவில் கூப்பிட்டாள், முகக்கவசம் கழுத்தில் தொங்குகிறது, பின்னால் மருந்து அலமாரி. "என்னாச்சு?" என்றாள், என் முகத்தைப் பார்த்தே கேட்டாள். இடது பக்கம் வீங்கியிருக்கு என்றேன். நோட்டைச் சொல்லத்தான் எடுத்தேன், வாயில் இது வந்தது. "கொக்கியக் கழட்டுங்க. போன அந்தப் புஸ்தகத்துல சாய்ச்சு வைங்க. பயப்படாதீங்க, நான் பாக்கேன்லா." கழற்றினேன். ஐந்து நாளாக நான் நெஞ்சைத் திறந்து பார்க்கவே இல்லை. கட்டு மாற்றும்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது போன் திரையின் மூலையில் சின்னதாக ஒரு ஆள் தெரிந்தான், மஞ்சளும் ஊதாவுமாக நெஞ்சு, காம்புக்குக் கீழே இரண்டு பக்கமும் பிளாஸ்திரி, தட்டையாக, ஒரு பையனுக்கு இருப்பதுபோல. யாரோ மாதிரி இருந்தது. பொன்செல்வி திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள். "கைய மெதுவா ரெண்டு பக்கமும் வைங்க. சூடு வித்தியாசம் தெரியுதா? கல்லா இருக்கா?" இல்லை. மெத்தென்றுதான் இருந்தது, இரண்டும் ஒன்றுபோல. "ரெண்டும் சமமாத்தான் இருக்கு. காலைல நீங்களே மாட்டுனியளா? கொக்கிய ஒண்ணு தள்ளிப் போட்டிருக்கீய. அதான் ஒரு பக்கம் பிதுங்கி நிக்கி." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து வாசித்தேன். பால் கார்டிலிருந்து சட்டை வரைக்கும். அவள் சிரிப்பு எங்கே நின்றது என்று நான் பார்க்கவில்லை, வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகக்கவசத்தைக் கண்ணுக்கு ஒற்றிக்கொண்டிருந்தாள். "பிள்ளைகள்ட்ட சொல்லுங்கன்னு அன்னைக்கே சொன்னேன்." ஆமாம், சொன்னாள். "நீயே சொல்லிரு" என்றேன். "மாட்டேன். நீங்க சொன்ன பொய், நீங்களே சொல்லுங்க." யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "ரிப்போர்ட் வந்துருச்சு சார். சாதாரணத் திசுதான், ஒண்ணுமில்ல." இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். போனை வைத்த பிறகு அந்தப் பெரிய பயம் போய்விடும், உடம்பு லேசாகும் என்று காத்திருந்தேன். ஒரு நிமிடம் அப்படித்தான் இருந்தது. பிறகு வேறு ஒன்று வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நாலேகாலுக்கு வேன் வரும். எப்படிச் சொல்வேன்? பிரகதி, அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, ரிப்போர்ட் வந்துட்டு. அதோடு நிறுத்திவிடலாம். கட்டி இருந்தது, எடுத்தாச்சு, நல்ல கட்டி. அவள் சந்தோஷப்படுவாள், நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுவாள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இன்னும் இருபது வருடத்துக்குப் பிறகு ஏதாவது ஒரு டாக்டர் அவளிடம் உங்க குடும்பத்துல யாருக்காவது மார்புல கட்டி இருந்துச்சா என்று கேட்பார். ஆமா, எங்க அப்பாவுக்கு என்பாள். ஒவ்வொரு தடவையும் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் பயப்படுவாள். நான் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பொய் அவளோடு இருக்கும். வேன் ஹார்ன்.

ஷூவைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். மடியில் நோட்டைப் பார்த்ததும் ஒரு ஷூவோடு நின்றுவிட்டாள். "அத ஏன் எடுத்தீங்க?"

"தாளத் தேடினேன். எனக்குக் கேன்சர் இல்லட்டி."

அவள் நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பெரியவர்கள் பிள்ளைகளிடம் இப்படித்தான் சொல்வார்கள் என்பதை எங்கேயோ கேட்டு வைத்திருக்கிறாள். "ரெஜினா ஆன்ட்டி மாமாட்ட சொன்னாங்க. நான் கேட்டேன். பாவம் ரெண்டும் பொட்டப்பிள்ளன்னு சொன்னாங்க."

"அவங்களுக்குத் தெரியாது. நான் அவங்கள்ட்டயும் பொய் சொன்னேன். கட்டியே கிடையாது." இதைச் சொல்ல ஒரு சொல் வேண்டும், பிள்ளைக்குச் சொல்கிற சொல், என்னிடம் இருந்ததெல்லாம் அந்தப் பையன்களின் சொற்கள், டாக்டரின் சொல். "எனக்கு இங்க பொம்பளையாளுக மாதிரி சதை இருந்துச்சு. சின்ன வயசிலேருந்து. நோய் இல்ல. வலியும் இல்ல. எனக்கு அது அசிங்கமா இருந்துச்சு. அதான் எடுத்துட்டேன்."

"அதுக்கா ஆபரேஷன்?"

"ஆமா."

"சாகவே மாட்டீங்களா?"

"இதனால சாக மாட்டேன்."

அவள் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன், கையைக் கூடக் கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டேன், இடிக்காமல் இருக்க. அவள் வரவில்லை. அவள் முகம் கடுத்தது. "நான் ஸ்கூல் பாத்ரூம்ல அழுதேன் தெரியுமா? தினமும் அழுதேன். மிஸ் வயித்துவலியான்னு கேட்டாங்க, ஆமான்னேன். மித்ராகிட்ட கூடச் சொல்லல. நீங்க சும்மா..." சும்மா என்ன என்று சொல்லத் தெரியாமல் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாள் கிழிகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்க முடியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். இடுப்பாலே நகர்ந்து எழுந்திருக்கலாம். எழுந்து என்ன சொல்வது. அவள் இனி என்னை நம்ப மாட்டாள், அந்த வயது இன்றைக்கு, இந்த நாலரை மணிக்கு முடிந்துவிட்டது, முடித்தது நான். எதிர் வீட்டில் மித்ரா ஏதோ பாட்டுப் பாடுகிற சத்தம். குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. கதவு திறக்காதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திறந்தால் என்ன செய்வது என்றும் பயமாக இருந்தது.

திறந்தது. உடை மாற்றியிருந்தாள். என்னைப் பார்க்காமல் சோபாவின் அந்த மூலையில் போய் உட்கார்ந்தாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு. அங்கிருந்தே, "உங்கள யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களா? அதப் பத்தி?" என்றாள்.

"சொல்லுவாங்க. ஸ்கூல்ல."

"அடிச்சீங்களா?"

"இல்ல."

தலையை ஆட்டினாள், அது தெரிந்ததுதான் என்கிற மாதிரி. கால் விரலில் நகத்தைக் கிள்ளினாள். பிறகு நகத்திடமே சொல்கிற மாதிரி சொன்னாள், "வேன்ல ஒருத்தி என்னை அண்டங்காக்கான்னு கூப்பிடுதா. எல்லாரும் சிரிப்பாங்க. கலரு மாத்த ஆபரேஷன் இருக்காப்பா?"

இல்லை என்று உடனே சொல்ல வாய் வந்தது. அவள் அதற்குள் நிமிர்ந்துவிட்டாள். "இருந்தா எனக்குப் பண்ணிவிடுவீங்களா?"

ஐந்து நாளில், ஏன், அந்தக் குளிர்ந்த அறையில் கூட, நான் இப்படிப் பயந்ததில்லை. நீ அழகா இருக்கட்டி என்று சொல்லலாம். சொன்னால், அப்படியென்றால் நீங்க ஏன் என்று கேட்பாள். அடுத்தவங்க சொல்றதக் காதுல வாங்காத என்று சொல்லலாம். வாங்காமல் இருந்தவனா நான். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் மிச்சமில்லை. "எனக்குத் தெரியலட்டி" என்றேன். "எத்தன நாளா சொல்லுதா?"

"மூணாங்கிளாஸ்லேருந்து."

இரண்டு வருடம். தினமும் வேனில் ஏறி இறங்கியிருக்கிறாள், தினமும் நான் வாசலில் நின்று கையசைத்திருக்கிறேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் யார் இதைக் கேட்கிறது என்று தோன்றியது. அப்போது நான் சொன்னேன், இதுவரைக்கும் பொன்செல்விக்குக் கூடச் சொல்லாததை. "என்னை ஆவுடையம்மான்னு கூப்பிடுவாங்க. என் பேரு ஆவுடையப்பன்லா, அதான் அப்படி. வகுப்பில ஆஜர் எடுக்கும்போது பின்னால இருந்து கூப்பிடுவாங்க. நாலு வருசம்."

அவள் சிரிக்கவில்லை. உதட்டுக்குள் அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், சத்தமில்லாமல். "யாரு மொதல்ல கூப்பிட்டது?"

"தளவாய்னு ஒரு பையன்."

"அவன் இப்ப எங்க இருக்கான்?"

"தெரியல."

"எங்க இருந்தாலும் நல்லா இருக்க மாட்டான்" என்றாள். அப்படிச் சொல்லக் கூடாது என்று ஒரு தகப்பன் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. "உன்ன சொல்லுதவ பேரு என்ன?" என்றேன்.

வாசல் கதவைப் பார்த்தாள். எழுந்து வந்தாள். என் நெஞ்சில் பட்டுவிடக் கூடாது என்று ஒரு கையை நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றிக்கொண்டு, எம்பி, என் காதுக்குள் அந்தப் பெயரைச் சொன்னாள். ஒரு சின்னப் பெண்ணின் பெயர், யாரோ ஆசையாகத் தேடி வைத்த பெயர். சொன்ன பிறகும் அவள் காதை விட்டு நகரவில்லை. அவள் மூச்சு சூடாகப் பட்டுக்கொண்டே இருந்தது, இன்னும் ஏதோ சொல்ல இருக்கிறது. நான் அசையாமல் இருந்தேன்.